காய்ச்சல் தணிந்தது, நோய் தீர்ந்ததா?

மூளையின் திசுக்கள் அழற்சியுறும் நோயை மருத்துவர்கள் என்செபலைட்டிஸ் என்பர். மூளை அழற்சி என்பதே அதற்குத் தமிழில் பொருத்தமான பெயர். ஆயினும் மக்கள் வழக்கில் அது மூளைக்காய்ச்சல் என்றே வழங்கிவருகிறது. இந்தப் பெயர் நம்மைத் தவறான எதிர்பார்ப்புக்கு இட்டுச் செல்கிறது. காய்ச்சல் என்பது ஏறும், இறங்கும், ஒரு நாள் விட்டுப்போகும். விட்டபின் சில நாள் கஞ்சி, சில நாள் ஓய்வு, அதன்பின் வழக்கமான வேலை. இதுவே நாம் தலைமுறை தலைமுறையாக அறிந்த கணக்கு. மூளை அழற்சிக்கு இந்தக் கணக்குப் பொருந்தாது. உடல் வெப்பம் தணிந்து, வலிப்பு நின்று, நோயாளி தாமே எழுந்து நடந்து வீடு திரும்பும் நாளில் நோயின் ஒரு பகுதியே முடிகிறது. நினைவு, கவனம், மனநிலை, குணம் ஆகியவற்றில் அது விட்டுச்சென்ற பாதிப்பைச் சீராக்கும் பணி அன்றுதான் தொடங்குகிறது.

அந்தப் பணியும் சிகிச்சையின் ஒரு பகுதியே. அதற்கான ஏற்பாட்டை நோயாளி வீடு திரும்புமுன் மருத்துவமனையும் குடும்பமும் சேர்ந்து செய்தாக வேண்டும் என்பதே இக்கட்டுரையின் கருத்து. டிஸ்சார்ஜ் சம்மரி என்று நாம் வழங்கும் தாளில் மருந்துகளின் பெயரும் அளவும் வேளையும் தெளிவாக இருக்கும். மறதியைப் பற்றியோ மனச்சோர்வைப் பற்றியோ அதில் ஒரு வரி காண்பது அரிது.

உயிர் பிழைத்த பின்

மூளை அழற்சிக்குக் காரணங்கள் பல. வாயோரத்தில் கொப்புளங்களை உண்டாக்கும் ஹெர்ப்பிஸ் சிம்ப்ளெக்ஸ் வைரஸ், அரிதாக மூளையைத் தாக்கும்போது மிகக் கடுமையான அழற்சி உண்டாகிறது. நெல்வயல் நீரில் பெருகும் கியூலெக்ஸ் இனக் கொசுக்கள் ஜப்பானிய மூளைக்காய்ச்சலைப் பரப்புகின்றன. இந்தியாவில் அந்நோய் முதன்முதலாக 1955ஆம் ஆண்டில் நம் வேலூர்ப் பகுதியில்தான் அறியப்பட்டது. மற்றொரு வகையில் கிருமிக்கு நேரடிப் பங்கே இல்லை; உடலைக் காக்க வேண்டிய நோயெதிர்ப்பாற்றல் மூளையையே பகையெனக் கருதித் தாக்குகிறது. இவ்வகையுள் முதன்மையான ஒன்றை, என்.எம்.டி.ஏ. ஏற்பிகளுக்கு எதிரான அழற்சியை, ஜோசப் டால்மாவும் அவர்தம் குழுவினரும் 2007ஆம் ஆண்டில் விளக்கினர்.

ஹெர்ப்பிஸ் மூளை அழற்சிக்கு மருந்து இல்லாத காலத்தில், அதற்கு ஆளானோரில் பத்தில் ஏழு பேர் வரை உயிரிழந்தனர். 1980களில் அசைக்ளோவிர் பயன்பாட்டுக்கு வந்தபின் அந்த எண்ணிக்கை பாதிக்கும் கீழே இறங்கியது. இது மருத்துவத்தின் பெரும் வெற்றி. ஆனால் பிழைத்தோர் அனைவரும் முன்போல் வாழ்கின்றனரா என்று கேட்டால், இல்லை என்பதே விடை. ஜப்பானிய மூளைக்காய்ச்சலில் பிழைப்போருள் 30 முதல் 50 சதவீதத்தினருக்கு நரம்பு, அறிவுத்திறன், நடத்தை ஆகியவற்றில் நிலையான பாதிப்பு எஞ்சக்கூடும் என்று உலக சுகாதார நிறுவனம் கூறியுள்ளது. உயிரைக் காத்த மருத்துவம் அவர்களது வாழ்வைப் பற்றியும் கவலைப்பட வேண்டிய காலம் இது.

கண்ணுக்குத் தெரியாத காயம்

கால் முறிந்தவரை எவரும் ஓடச் சொல்வதில்லை. மாவுக்கட்டு எல்லோர் கண்ணுக்கும் தெரிகிறது. மூளை அழற்சியின் காயத்துக்குக் கட்டு இல்லை. முகத்தில் களை திரும்பிவிடுகிறது, நடையும் பேச்சும் சரியாகிவிடுகின்றன. ஆகவே உள்ளேயும் எல்லாம் சரியாகிவிட்டதென்று நாம் முடிவு செய்துவிடுகிறோம்.

ஹெர்ப்பிஸ் வைரஸ் பெரும்பாலும் காதுகளுக்கு உட்புறமாக அமைந்த மூளைப் பகுதிகளைத் தாக்குகிறது. புதிய செய்திகளை நினைவாக மாற்றித்தரும் ஹிப்போகேம்பஸ் என்னும் உறுப்பு அங்கேதான் உள்ளது. எனவே இளமையில் படித்த பள்ளியின் பெயரும் ஆசிரியரின் பெயரும் நினைவிலிருக்க, காலையில் உண்டது இட்லியா தோசையா என்பது மறந்துபோகிறது. “பழையதெல்லாம் நினைவிருக்கிறது, நான் இன்று சொன்னது மட்டும் மறந்துவிடுமா?” என்று வீட்டார் ஐயுறுவது இயல்பு. ஆனால் இந்த நோயின் இயல்பே அதுதான். பழைய நினைவுகள் வெகு காலம் முன்பே சேமிக்கப்பட்டவை. பழுதுபட்டிருப்பது புதியனவற்றைச் சேமிக்கும் வாயில்.

இதற்குப் பலரும் அறிந்த சான்று பிரிட்டனின் இசைக்கலைஞர் கிளைவ் வேரிங். 1985ஆம் ஆண்டில் ஹெர்ப்பிஸ் மூளை அழற்சிக்கு ஆளான அவருக்குப் புதிய நினைவுகள் சில நொடிகளுக்கு மேல் நிலைக்கவில்லை. அறையை விட்டுச் சென்ற மனைவி சில நிமிடங்களில் திரும்பி வந்தாலும், நெடுநாள் பிரிந்தவரைக் கண்டதுபோல் வரவேற்பார். ஆயினும் பியானோ வாசிக்கவும் பாடகர் குழுவை நடத்தவும் அவரால் முடிந்தது. மனைவி மீது கொண்ட அன்பும் மாறவில்லை. இத்தனை கடுமையான பாதிப்பு மிக அரிது. எனினும் அவர் வரலாறு நமக்கு ஒன்றைத் தெளிவாக்குகிறது. நினைவு என்பது ஒரே பெட்டகம் அன்று. ஒரு பகுதி அழிந்தாலும் கைப்பழக்கமும் பாசமும் வேறிடத்தில் உயிரோடிருக்கும். மறுவாழ்வுச் சிகிச்சை அந்த எஞ்சிய திறன்களைக் கொண்டே தொடங்குகிறது.

நெற்றிப்புற மூளை பாதிக்கப்பட்டால் வேறு வகை இடர்கள் தோன்றும். சமையலில் எதை முதலில் செய்வது, எதைப் பின் செய்வது என்று வரிசைப்படுத்த இயலாமல் போகும். செய்ய விருப்பம் இருந்தும் தொடங்க முடியாமல் ஒருவர் மணிக்கணக்கில் அமர்ந்திருப்பார். சினத்தை அடக்கும் கடிவாளம் தளர்ந்து, சிறு சொல்லுக்கும் பெருங்கோபம் எழும். இவற்றோடு பெருஞ்சோர்வும் சேர்ந்துகொள்ளும். இது உறங்கி எழுந்தால் தீரும் களைப்பு அன்று. இரண்டு விருந்தினர் ஒரே நேரத்தில் பேச, தொலைக்காட்சியும் ஒலித்துக்கொண்டிருந்தால், அரை மணி நேரத்தில் நோயாளி துவண்டுவிடுவார்.

நாம் சூட்டும் பெயர்கள்

இவற்றை நோயின் விளைவுகள் என்று எவரும் முன்கூட்டிச் சொல்லாதபோது, வீடு தானே பெயர் சூட்டிக்கொள்கிறது. தொடங்க இயலாமை சோம்பல் ஆகிறது. கோபம் திமிர் ஆகிறது. மறதி நடிப்பு ஆகிறது. பள்ளி மாணவனுக்குப் படிப்பில் அக்கறையில்லை என்றும், மருமகளுக்கு வீட்டில் பொறுப்பில்லை என்றும் பேச்சு எழுகிறது. தம் குறையைத் தாமே உணராத நிலையும் மூளைக் காயத்தின் விளைவாக வருவதுண்டு. அத்தகையவர் “எனக்கு ஒன்றுமில்லை” என்று உறுதியாகச் சொல்வதைப் பிடிவாதம் என்று கொள்வது அவருக்குச் செய்யும் அநீதி.

பேய், காற்றுக்கருப்பு, செய்வினை என்னும் விளக்கங்களும் சில வீடுகளில் எழுகின்றன. இறைவனிடம் முறையிடுவது அவரவர் உரிமை. அதை எந்த மருத்துவரும் தடுக்கப்போவதில்லை. மருந்தை நிறுத்திவிட்டு மந்திரவாதியை நாடுவதே ஆபத்து. வலிப்பு மருந்தைத் திடீரென்று நிறுத்தினால் அடக்கமுடியாத வலிப்பு வந்து உயிருக்கே தீங்காகலாம்.

மனமும் மூளையும் இரண்டல்ல

அமெரிக்காவில் நாளிதழ்ச் செய்தியாளராக இருந்த சுசன்னா கஹாலன், 2009ஆம் ஆண்டில் தமது 24ஆம் வயதில் ஐயமும் பிதற்றலும் வலிப்பும் கொண்டு துன்புற்றார். முதலில் அது மனநோயாகவே தோன்றியது. பின்னர் ஒரு மருத்துவர் கடிகார முகப்பொன்றை வரையச் சொன்னார். அவர் எல்லா எண்களையும் வட்டத்தின் ஒரு பக்கத்திலேயே நெருக்கி எழுதினார். மூளையில் அழற்சி இருப்பதற்கு அது தடயமாயிற்று, நோய் என்.எம்.டி.ஏ. ஏற்பி அழற்சி என்று உறுதியாகி, உரிய சிகிச்சையால் அவர் நலமடைந்தார். மனத்தின் குழப்பத்துக்கு மூளையின் நோய் காரணமாகலாம் என்பதை அவர் வரலாறு உணர்த்துகிறது.

நோய்க்குப் பின்னும் இது பொருந்தும். மனச்சோர்வு, பதற்றம், தீவிர சிகிச்சைப் பிரிவின் கொடுங்கனவுகள், காரணமற்ற அழுகை ஆகியவை மூளை அழற்சியிலிருந்து மீள்வோரிடம் அடிக்கடி காணப்படுகின்றன. இவற்றுள் ஒரு பகுதி மூளைக்காயத்தின் நேர் விளைவு. மற்றொரு பகுதி இழப்பின் துயரம். நேற்றுவரை கடைக்கணக்கைத் தம் மனத்திலேயே வைத்திருந்தவர், இன்று மீதிச் சில்லறை எண்ணத் தடுமாறும்போது அவருக்குத் துயரம் வராமலிருக்குமா? இரண்டு பகுதிக்கும் சிகிச்சை உண்டு. ஆகவே நரம்பியல் மருத்துவர் மனநல மருத்துவரைப் பார்க்கச் சொன்னால், “என் பிள்ளைக்குப் பைத்தியமா?” என்று கலங்க வேண்டியதில்லை. கண் மருத்துவரைப் பார்க்கச் சொன்னால் எப்படிச் செல்வோமோ அப்படியே செல்லலாம்.

இங்கே குடும்பத்தார் மறக்கக்கூடாதவை சில உள. வீடு திரும்பிய சில வாரங்களில் புதிதாகக் குழப்பமோ, விந்தையான நடத்தையோ, கை கால்களில் தாமாக எழும் அசைவுகளோ, மீண்டும் வலிப்போ தோன்றினால் காலம் தாழ்த்தாமல் மருத்துவமனைக்கு வர வேண்டும். ஹெர்ப்பிஸ் அழற்சி தணிந்தபின் சிலருக்கு நோயெதிர்ப்பாற்றலால் இரண்டாவது அழற்சி உண்டாவதுண்டு. அதற்கெனத் தனிச் சிகிச்சை இருக்கிறது. லெவெடிராசிடம் போன்ற சில வலிப்பு மருந்துகளே சிலருக்கு எரிச்சலையும் கோபத்தையும் மிகுவிக்கும். அதை மருத்துவரிடம் கூறினால் மாற்று வழி காண்பார். தாமாக நிறுத்தல் கூடாது. வாழ்வதில் பயனில்லை என்று நோயாளி ஒருமுறை சொன்னாலும் அதை வெறும் பேச்சென்று தள்ளாமல், அவரைத் தனியே விடாமல், உடனே மருத்துவ உதவி நாடுங்கள். அரசின் டெலி மானஸ் மனநல உதவி எண் 14416. எந்நேரமும் தமிழிலும் பேசலாம்.

“என்னைத் தெரிகிறதா?”

நோயாளி வீடு திரும்பியதும் சித்தப்பா, அத்தை, அண்டை வீட்டார் எனப் பலரும் பழங்களோடு பார்க்க வருவர். வந்தவுடன் கேட்கும் முதல் கேள்வி, “என்னைத் தெரிகிறதா? நான் யார், சொல் பார்க்கலாம்.” அன்பினால் எழும் கேள்வியே அது. எனினும் ஒரே நாளில் பத்துப் பேர் நடத்தும் பத்துத் தேர்வுகளில் தோற்கும் நோயாளியின் நிலையை எண்ணிப் பாருங்கள். அவர் ஊகித்து ஒரு பெயரைச் சொல்வார், அது தவறாகும், எல்லோரும் சிரிப்பர் அல்லது கண்கலங்குவர்.

இது மனத்தைப் புண்படுத்துவதோடு கற்றலையும் கெடுக்கிறது. நினைவிழந்தோர் தவறு செய்து திருத்திக்கொள்வதைவிட, தவறே நேராதபடி கற்பிக்கப்பட்டால் நன்கு கற்கின்றனர் என்பதை ஆலன் பேட்லியும் பார்பரா வில்சனும் 1994ஆம் ஆண்டில் எடுத்துக்காட்டினர். காரணம் எளிது. தவறான விடையைச் சொன்ன நினைவு நமக்கிருப்பதால் நாம் அதைத் தவிர்க்கிறோம். அந்த நினைவே இல்லாதவர் மனத்தில் தவறான விடையே பதிந்துவிடுகிறது. ஆகவே வருபவர் தாமே முந்திக்கொண்டு, “நான் உன் பெரிய அத்தை, திருச்சியிலிருந்து வந்திருக்கிறேன்” என்று சொல்லிவிடுவதே நல்லது. மாத்திரை எங்கே இருக்கிறது என்று சோதிக்காமல், எப்போதும் ஒரே இடத்தில் வைத்து, கையைப் பிடித்துக் காட்டிப் பழக்குவதே முறை.

வீட்டில் செய்யக்கூடிய ஏனையவும் பெரும் செலவற்றவை. ஒரு நோட்டுப் புத்தகம், அதில் அன்றன்று நடந்தவையும் செய்ய வேண்டியவையும். சுவரில் பெரிய எழுத்து நாட்காட்டியும் கடிகாரமும். கைபேசியில் மருந்து வேளைக்கு ஒலிக்கும் அலாரம். ஒரு நேரத்தில் ஒரு வேலை, ஒருவர் பேச்சு. களைத்தபின் ஓய்வு என்றில்லாமல், களைக்குமுன் ஓய்வு. அடுப்பை அணைக்க மறப்பவருக்கு அருகில் ஒருவர் துணை. வண்டி ஓட்டுவது, கிணற்றடி, மொட்டை மாடி வேலைகள் ஆகியன மருத்துவர் ஒப்புதல் தந்தபின் மட்டும். இவற்றை ஊன்றுகோல் என்று கருதி நோயாளியோ பெற்றோரோ வெட்கப்பட வேண்டியதில்லை; மூக்குக்கண்ணாடி அணிபவர் வெட்கப்படுகிறாரா?

எழக்கூடிய மறுப்புகள்

ஏற்கெனவே கலங்கியிருக்கும் குடும்பத்திடம் இத்தனையும் சொல்லி மேலும் அச்சுறுத்தலாமா என்று சிலர் கேட்கலாம். கருணையிலிருந்து எழும் கேள்வி இது, மதிக்கத்தக்கது. ஆனால் சொல்லாமல் விடுவதனால் அச்சம் குறைவதில்லை. இரண்டு மாதம் கழித்து, விளக்கம் சொல்ல எவருமற்ற வீட்டில், அது வளர்ந்து நிற்கிறது. “முதல் சில மாதங்களில் முன்னேற்றம் விரைவாக இருக்கும், பின்னர் மெதுவாகும், ஆண்டுகள் கடந்தும் தொடரலாம், சில குறைகள் நிலைக்கவும் கூடும்” என்று உண்மையை அமைதியாகச் சொன்னால், குடும்பம் அதைத் தாங்கிக்கொள்ளும்.

நரம்பு உளவியலாளர்கள் நம் நாட்டில் மிகச் சிலரே, பெரும்பாலும் பெருநகரங்களிலேயே உள்ளனர். எல்லா நோயாளிக்கும் இது எப்படி இயலும் என்பது மற்றொரு மறுப்பு. இதிலும் உண்மை உண்டு. எனினும் முழுமையான சோதனை இயலாத இடத்திலும் படுக்கையருகே செய்யும் எளிய நினைவு, கவனச் சோதனை இயலும். பயிற்சி பெற்ற செவிலியர் அரை மணி நேரம் குடும்பத்தாரோடு அமர்ந்து பேச இயலும். பிரிட்டனின் நரம்பியல், தொற்றுநோய் மருத்துவச் சங்கங்கள் 2012ஆம் ஆண்டில் வெளியிட்ட வழிகாட்டுதல், நோயாளியை விடுவிக்குமுன் ஒரு கூட்டம் நடத்தி, தொடர் கண்காணிப்புக்கும் மறுவாழ்வுக்கும் திட்டம் வகுக்க வேண்டும் என்கிறது. அதற்கு வேண்டியவை ஒரு மேசையும் சில நாற்காலிகளும் மனமும் மட்டுமே. தமிழ்நாட்டில் 2021ஆம் ஆண்டு தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் இயன்முறைச் சிகிச்சை வீட்டு வாசலுக்கே வருகிறது. கை காலுக்கு வரும் பயிற்சி நினைவுக்கும் ஒரு நாள் வர வேண்டும் என்று கேட்பது மிகையாகாது.

வேலையும் பள்ளியும்

மீண்டும் பணிக்குச் செல்வதே பலருக்குப் பெரும் கவலை. உடல் தேறிவிட்டதென்று முதல் வாரமே முழுநேரப் பணிக்குச் சென்று, தவறுகள் நேர்ந்து, வேலையை இழப்பதைவிட, நாளுக்குச் சில மணி நேரம் என்று தொடங்கிப் படிப்படியாகக் கூட்டுவது நல்லது. மாணவருக்கும் அப்படியே. ஆசிரியரிடம் நோயை மறைப்பதால் பிள்ளைக்குக் கிடைப்பது தண்டனையே. சொன்னால் கூடுதல் நேரமும் முன் வரிசை இருக்கையும் கிடைக்கக்கூடும்.

மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 2016இன் 20ஆம் பிரிவு, அரசு நிறுவன ஊழியர் பணிக்காலத்தில் மாற்றுத்திறனாளியாக நேர்ந்தால் அவரைப் பணிநீக்கம் செய்வதையும் பதவி இறக்குவதையும் தடுக்கிறது. பழைய பணி இயலாவிடில் அதே ஊதிய விகிதத்தில் வேறு பணிக்கு மாற்ற வேண்டும் என்றும் கூறுகிறது. ஆகவே அச்சத்தில் விலகல் கடிதம் எழுதிக் கொடுத்துவிடாதீர்கள். முதலில் மருத்துவமனையின் சமூகப் பணியாளரைக் கலந்து பேசுங்கள். நாட்கூலிக்குச் செல்வோருக்கு இத்தகைய காப்பு இல்லை என்பது கசப்பான உண்மை. அவர்களுக்கு மருத்துவச் சான்றும், தகுதியிருப்பின் மாற்றுத்திறனாளி அடையாள அட்டையும் விரைவில் கிடைக்க உதவுவது மருத்துவமனையின் கடமையாகவே கொள்ளத்தக்கது.

காப்பவரைக் காப்பது

ஒரே கேள்விக்கு ஒரு நாளில் நாற்பது முறை விடை சொல்லும் தாயும், கணவரின் மாறிய குணத்தோடு வாழப் பழகும் மனைவியும் இந்நோயின் கணக்கில் எங்கும் வருவதில்லை. தம் துணைவர் உயிரோடிருந்தும் பழைய மனிதர் இல்லை என்னும் துயரத்தை வெளியில் சொல்ல அவர்கள் தயங்குகின்றனர், “உயிரோடு வந்தாரே, அது போதாதா?” என்று ஊர் கேட்கும். அவர்களுக்கும் உறக்கம் வேண்டும், வாரத்தில் ஓர் அரை நாளேனும் பொறுப்பை மாற்றிக்கொள்ள ஓர் உறவு வேண்டும், மனம்விட்டுப் பேச ஓர் இடம் வேண்டும். நோயாளியோடு மறுபரிசோதனைக்கு வரும்போது, “நீங்கள் எப்படி இருக்கிறீர்கள்?” என்று அவர்களையும் மருத்துவர் ஒருமுறை கேட்கட்டும்.

செய்ய வேண்டியவை

ஆண்டுதோறும் பிப்ரவரி 22 உலக மூளை அழற்சி நாளாகக் கடைப்பிடிக்கப்படுகிறது. விழிப்புணர்வுச் சுவரொட்டிகளோடு நின்றுவிடாமல் ஒவ்வொரு மருத்துவமனையும் நான்கு செயல்களை வழக்கமாக்கிக்கொள்ளலாம். மூளை அழற்சியிலிருந்து மீண்ட எவரையும் நினைவு, கவனம், மனநிலை ஆகியவற்றை ஒருமுறையேனும் சோதிக்காமல் வீட்டுக்கு அனுப்பலாகாது. எதிர்பார்க்க வேண்டியவற்றையும் உடனே திரும்பிவர வேண்டிய அறிகுறிகளையும் எளிய தமிழில் ஒரே தாளில் எழுதித் தர வேண்டும். ஐயம் எழுந்தால் அழைக்க ஒரு பெயரும் ஒரு தொலைபேசி எண்ணும் அத்தாளில் இருக்க வேண்டும். மூன்று மாதங்களுக்குள் மறுபரிசோதனைக்கான நாள் அன்றே குறிக்கப்பட வேண்டும்.

குடும்பத்தாரிடம் ஒரு வேண்டுகோள். இவை தரப்படும்வரை காத்திராமல் நீங்களே கேளுங்கள். மருந்துச் சீட்டைப் பெற்றுக்கொண்டு எழுமுன், “இவருடைய நினைவைச் சோதித்தீர்களா? மனநிலை எப்படி இருக்கும்? யாரை அழைக்க வேண்டும்?” என்னும் மூன்று கேள்விகளையும் மருத்துவரிடம் கேளுங்கள். தயங்க வேண்டாம், மருந்தின் வேளையைக் கேட்பதற்கு நிகரான உரிமை அது.